துவன்றலும் புலம்பும்: இரு மனை முதுமை பற்றிய ஓர் ஆராய்ச்சி

தொல்காப்பியக் கற்பியலில் இல்லற வாழ்வின் கடைக்காலத்தைப் பற்றிய நூற்பா ஒன்று உண்டு. காமம் நுகர்ந்து அமைந்த பிற்பருவத்தே, ஏமமாக அமைந்த மக்களோடு நிறைந்து, அறம் புரியும் சுற்றத்தோடு கூடித் தலைவனும் தலைவியும் சிறந்ததனைப் பயிலுதலே கழிந்த வாழ்வின் பயன் என்பது அதன் கருத்து. இந்நூற்பாவை ஆராய்வோர் பெரும்பாலும் ‘சிறந்தது’ என்னும் சொல்லின்மேலேயே தம் கருத்தைச் செலுத்துவர். அது துறவோ, வீடுபேறோ, இல்லறத்தின் முதிர்ச்சியோ என்னும் வினா நெடுங்காலமாக நிகழ்ந்து வருவது. யாம் ஈண்டு எடுத்துக்கொள்வது அவ்வினா அன்று. அந்நூற்பாவில் விரைந்து கடக்கப்படும் ‘துவன்றி’ என்னும் எச்சத்தையே ஆராயக் கருதுகின்றோம். உரியியல் துவன்று என்பதற்கு நிறைவு எனப் பொருள் கூறும். மக்களோடு ‘இருந்து’ என்றோ ‘கூடி’ என்றோ கூறியிருப்பினும் நூற்பா அமைந்திருக்கும். அவ்வாறு கூறாது ‘துவன்றி’ என்றமையின், முதுமையின் பயன் இடத்தாலோ வளத்தாலோ அளக்கப்படுவதன்று, உடனிருப்போரின் நிறைவால் அளக்கப்படுவது என்பது ஆசிரியர் கருத்தாதல் வேண்டும்.

இச்சொல்லை இன்று மீண்டும் ஆராய வேண்டிய தேவை வாழ்வினின்று எழுந்துள்ளது. சேலத்திற்கு வடமேற்கே, சேர்வராயன் மலையின் அடிவாரத்தை ஒட்டிய சமவெளியில் அமைந்த ஓமலூரை எடுத்துக்கொள்வோம். அம்மலையில் தோன்றும் சரபங்கா ஆறு அவ்வூர் வழியே சென்று காவிரியிற் கலக்கின்றது. ஆசிரியப் பணியிலும், இருப்புப்பாதைப் பணியிலும், சேலம் உருக்காலையிலும் வாழ்நாளைக் கழித்து ஓய்வு பெற்றோர் பலர் அப்பகுதியில் வாழ்கின்றனர். தமிழக அரசுப் பணியாளர்க்கு 58 ஆக இருந்த ஓய்வு அகவை 2020இல் 59 ஆகவும், 2021இல் 60 ஆகவும் உயர்த்தப்பட்டது. அதன் பின்னரும் பதினைந்து இருபது ஆண்டுகள் நல்லுடலோடு வாழ்வோர் இன்று பலர். இவருட் சிலர் ஆண்டினை இரு கூறாக்கி, ஒரு கூற்றை ஓமலூர் மனையிலும் மறு கூற்றை வேறு தட்பவெப்பமுடைய பிறிதொரு மனையிலும் கழிக்கின்றனர். அப்பிறிது மனை ஏற்காட்டு மலையில் தாமே வாங்கியதாக இருத்தலும் உண்டு. கடல் கடந்து மகனோ மகளோ வாழும் ஊரில் இருத்தலும் உண்டு. கேட்பின், “வெயில் தாங்க முடியவில்லை, அதனால் செல்கின்றோம்” என்றும், “குளிர் தாங்க முடியவில்லை, அதனால் திரும்பினோம்” என்றும் விடை கூறுவர். இவ்விடையை அவ்வாறே ஏற்றுக்கொள்ளலாமா என்பது எம் வினா. தமிழ் இலக்கியம் பருவத்தைப் பேசுங்கால் பருவத்தை மட்டும் பேசுவதில்லை என்பதை அறிந்தோர்க்கு இவ்வையம் இயல்பாகவே எழும்.

பருவத்திற்கேற்ப உறைவிடம் மாறுதலைத் தெளிவாகக் காட்டும் பழம்பாட்டு நக்கீரரின் நெடுநல்வாடை. 188 அடிகளையுடைய இப்பாட்டு அகமோ புறமோ என்னும் வழக்கு யாவரும் அறிந்தது. வேம்பு என்னும் அடையாளப் பூவை வைத்து நடக்கும் அவ்வழக்கில் காட்டிய ஊக்கத்திற் பாதியை அதன் தொடக்கப் பகுதியில் காட்டியிருப்பின் நன்றாயிருந்திருக்கும். அத்தொடக்கத்தில் வருவோர் கோவலர். மழை மிக்கு வெள்ளம் பெருகியமையின், அவர்கள் தம் நிரையை மேட்டுப்பாங்கான வேற்றுப்புலத்திற்கு ஓட்டிச் செல்கின்றனர். பழகிய நிலத்தை விட்டு நீங்கியமையால் கலங்கி, குளிர்க்கு நெருப்பை மூட்டிக் கைகாய்ந்து நடுங்குகின்றனர். இந்நீக்கத்தை நக்கீரர் புலம்பெயர்தல் என்றே குறிக்கின்றார். அதனால் உண்டான உள்ளநிலையைப் புலம்பு என்கின்றார். இன்று ஈழத்தினின்று நீங்கினோர்க்கும் அயல்நாட்டிற் குடியேறினோர்க்கும் நாம் வழங்கும் சொல், ஈண்டு ஆனிரையோடு சில கல் தொலைவு பெயர்ந்த ஆயர்க்கு வழங்கப்பட்டுள்ளது. புலம்பு என்பதற்குத் தனிமை எனப் பொருள் கூறுவதும் அதே உரியியல்தான்.

அப்பாட்டின் பிற்பகுதியில் நகரத்து மாடங்கள் வருகின்றன. ஆங்கும் பருவம் மாறிற்று. ஆங்கும் உறைவிடம் மாறிற்று. ஆனால் மாறிய முறை வேறு. வேனிற் காலத்தில் தென்றலைக் கொணரும் பலகணிகள் தாழிட்டு அடைக்கப்படுகின்றன. விசிறிகள் மடங்கித் தொங்குகின்றன. அவற்றிற் சிலந்தி நூல் படிகின்றது. சந்தனம் அரைத்த கல் வறிதே கிடக்கின்றது. மனையோர் வேனிற்பள்ளியைத் துறந்து, தடவில் நெருப்பிட்ட உள்ளறையை அடைகின்றனர். நிலமுடைய செல்வர்க்குப் பருவ மாற்றம் என்பது ஓர் அறையினின்று மற்றோர் அறைக்குச் செல்லுதல். ஆனிரையன்றி வேறிலாத கோவலர்க்கு அது நிலத்தையே விட்டுச் செல்லுதல். ஒரே மழை, ஒரே பாட்டு. எனினும் புலம்பு என்னும் சொல் பிற்கூறியோர்க்கே உரியதாயிற்று.

இன்று நிலை தலைகீழாகத் திரும்பியுள்ளது. வளமுடையோர் அறை மாறுவதை விடுத்து நிலம் மாறுகின்றனர். வளமிலார் அதே ஓட்டுக்கூரையின்கீழ் வெயிலையும் குளிரையும் ஒருங்கே ஏற்றுக் கிடக்கின்றனர். இதனைக் கொண்டு வளமுடையோர்க்குப் புலம்பு இல்லை எனக் கூறிவிடலாமா? கூறலாகாது என்பதற்குச் சிலப்பதிகாரம் சான்று தருகின்றது.

மனையறம்படுத்த காதையில், நெடுநிலை மாடத்தின் இடைநிலத்தில் இருந்த கோவலனும் கண்ணகியும், தென்றல் பலகணி வழியே நுழைந்து வேனிலின் வரவை உணர்த்தியவுடன் ஒருங்கே நிலாமுற்றம் ஏறுகின்றனர். அந்திமாலைச் சிறப்புச்செய் காதையிலோ, காதலரைப் பிரிந்த மாதர் வேனிற்பள்ளியை நாடாது ஒழிந்து, கூதிர்ப்பள்ளியிற் புகுந்து அதன் குறிய பலகணிகளையும் அடைத்துக் கொள்கின்றனர். நிலவும் தென்றலும் இருவர்க்கும் பொது. மேலறையும் கீழறையும் இருவர்க்கும் உண்டு. கூடியிருந்தோர் பருவத்தை நோக்கி ஏறினர்; தனித்திருந்தோர் பருவத்தினின்று ஒளித்தனர். ஆகவே எந்த அறையில் உறைவது என்பதைத் தட்பவெப்பம் வகுப்பதாகத் தோன்றினும், அதனை வகுப்பது உடனிருப்போர் உண்மையும் இன்மையுமே என்பதை இளங்கோவடிகள் இவ்விரு காதைகளிலும் வைத்துக் காட்டினார். இது தற்செயலாக அமைந்தது என யாம் கருதவில்லை.

இனி ஓமலூரின் நிலத்தை நோக்குவோம். கடல் மட்டத்திற்கு மேல் ஏறத்தாழ 300 மீட்டர் உயரமுடைய அவ்வூர், மலையும் புன்செய்க் காடும் சூழ்ந்தது. மருதத்தின் நீர்வளம் உடையதன்று. குறிஞ்சியும் முல்லையும் வெயிலால் நல்லியல்பு இழந்து பாலை என்னும் வடிவு கொள்ளும் என்று காடுகாண் காதை கூறும் இலக்கணத்திற்கு இதனினும் பொருத்தமான இடம் காண்டல் அரிது. பங்குனி, சித்திரையில் வெப்பம் 38 பாகையைக் கடந்து 40ஐ எட்டுவதும் உண்டு. ஆயின் அகப்பாட்டின் பாலைக்கும் இவ்வூர்ப் பாலைக்கும் ஒரு வேறுபாடு உளது. அகப்பாட்டில் மனை குளிர்ந்த நிழலாக நிற்கும். தலைவன் அதனை நீங்கிப் பாலையிற் புகுவான். ஈண்டோ மனையே பாலையாகின்றது. தலைவனும் தலைவியும் அதனை நீங்கி நிழலைத் தேடுகின்றனர். பிரிவு என்னும் உரிப்பொருளை இதற்கு உரைத்தல் பொருந்துமா? இருவரும் உடன் செல்லுதலின் பொருந்தாது. உடன்போக்கு எனலாமோ எனின், நரை எய்திய பின் நிகழும் உடன்போக்கினை அகத்திணை மரபு அறியாது. திணை மயங்குதல் விலக்கப்படுவதில்லை, ஆனால் இரு நிலம் ஒருங்கே மயங்குதல் இல்லை என்று அகத்திணையியல் விதித்தது. இரு மனை வாழ்வினர் நாள்தோறும் காண்பது இவ்விதியின் உண்மையையே. ஓமலூரும் ஏற்காடும் ஒன்றாவதில்லை. ஓமலூரும் டொரன்றோவும் ஒன்றாவதில்லை. நிலம் மயங்காது நிற்க, இடையே சென்று வருவோர் உள்ளமே மயங்குகின்றது.

மலைமனையை முதற்கண் ஆராய்வோம். ஏற்காடு ஏறத்தாழ 1,500 மீட்டர் உயரத்தில் உள்ளது. 1,000 மீட்டர் ஏறுங்கால் வெப்பம் ஏறத்தாழ 6 பாகை குறையும் என்பது பொதுவான அளவு. ஆதலின் சமவெளி வெந்துகொண்டிருக்கும் நாளிலும் ஆங்குப் பகல் வெப்பம் 30 பாகையை அரிதாகவே கடக்கும். 1820களில் சேலம் கலெக்டராக இருந்த காக்பர்ன் ஆங்குக் காப்பிப் பயிரைக் கொணர்ந்தார். தோட்டங்களைத் தொடர்ந்து வளமனைகள் எழுந்தன. வேனிலில் மலையேறி மழைக்குப்பின் இறங்கும் வழக்கத்தை ஆங்கிலர் அரசாட்சி முறையாகவே ஆக்கினர். சிம்லா 1864இல் வேனிற் தலைநகராயிற்று; சென்னை மாகாணத்திற்கு உதகை அவ்விடம் பெற்றது. அவ்வழக்கின் எச்சமே இன்றைய ஏற்காட்டு மனைகள் என்பாரை மறுக்க வேண்டுவதில்லை. ஆயின் இவ்வாழ்வினை வானப்பிரத்தத்தோடு ஒப்பிடுவார் கூற்றை மறுத்தல் வேண்டும். திருக்குறள் இல்வாழ்க்கை அதிகாரத்து ‘மூவர்’ என்பதற்கு உரை கூறுங்கால் பரிமேலழகர் வானப்பிரத்தனையும் எண்ணுவர். மனையாளோடு வனம் சேர்தல் அந்நிலைக்கு உண்டு. எனினும் வனம் சேர்ந்தவன் ஆனித் திங்களில் மின் கட்டணம் செலுத்த ஊர் திரும்புவதில்லை.

மலைமனைக்கு உண்மையான இலக்கிய முன்னோடி சிலப்பதிகாரக் காட்சிக் காதையாகும். செங்குட்டுவன் வேண்மாளோடு வஞ்சியின் வெள்ளிமாடத்தினின்று நீங்கி மலைவளம் காணச் செல்கின்றான். பேரியாற்றங்கரை மணலில் தங்குகின்றான். அரச இன்பச் செலவு என்ற அளவில் அக்காதை நின்றிருப்பின் வஞ்சிக் காண்டமே தோன்றியிராது. மலைவாழ் குறவர் யானைக்கோடும் அகிலும் தேனும் பிறவும் சுமந்து வந்து திறை இடுகின்றனர். அவற்றோடு ஒரு செய்தியையும் இடுகின்றனர்: வேங்கையின் நிழலில் நின்ற, மார்பு இழந்த பெண் ஒருத்தியின் செய்தி. கண்டு மகிழச் சென்ற மன்னன் கேட்டுப் பொறுப்பேற்றுத் திரும்புகின்றான். மலை, வருவோர்க்குக் குளிர்காற்று மட்டும் தருவதன்று. ஆங்கு உறைவோர்க்கு அது மனை. அவர்க்குக் கூறுவதற்கு ஒன்று உண்டு. காஞ்சியினின்று வந்தோர் எனத் தம் முன்னோர் வரலாறு கூறும் மலையாளி என்னும் பழங்குடியினர் சேர்வராயன் மலையில் வாழ்கின்றனர். மே திங்களில் மலையுச்சிச் சேர்வராயன் கோயில் விழா அவர்க்குரிய பெருநாள். சமவெளியினின்று வெயிலுக்கு ஒதுங்கி வந்த முதியோரும் அதே திங்களில் ஆங்கு இருக்கின்றனர். ஒரே மலையில் ஒருவர்க்கு ஆண்டின் நிறைவும், மற்றவர்க்குச் சுற்றம் இல்லாத ஓய்வும் ஒருங்கே நிகழ்கின்றன. மலைமனை வாங்கியோர் அம்மக்களைத் தோட்டம் காப்போராகவும் நீர் சுமப்போராகவும் மட்டும் அறிந்திருப்பாராயின், நூற்பாவின் சுற்றம் என்னும் கூறு அம்மனையில் என்றும் நிரம்பாது.

கடல் கடந்த மனை இதனினும் சிக்கல் உடையது. மகளிரோடு முந்நீர் வழக்கம் இல்லை என்பது அகத்திணையியல் விதி. முந்நீர் என்பதைக் கடல் எனக் கொள்ளாது மூன்று தன்மைய பிரிவு எனக் கொண்டாரும் உளர். எவ்வாறு கொள்ளினும் பொருள் முதலியன கருதிய செலவில் தலைவி மனையில் நிற்பாள் என்பது முடிபு. இன்று ஓமலூர்த் தலைவன், மனைக்கிழத்தியோடு பெங்களூரிலோ சென்னையிலோ வானூர்தி ஏறிக் கடலைக் கடக்கின்றான். அமெரிக்கா வருகையாளர்க்குப் பெரும்பாலும் ஆறு திங்கள் தங்க இசைவு அளிக்கும். கனடா, பெற்றோர்க்கும் பாட்டன் பாட்டியர்க்கும் எனத் தனி நுழைவிசைவினை 2011இல் வகுத்தது. எனவே சித்திரைக் கடைசியில் சென்று ஐப்பசியில் திரும்புதல் ஒரு முறையாக அமைந்துவிட்டது. இருப்புப்பாதை போன்ற நடுவணரசுப் பணியில் இருந்து ஓய்வு பெற்றோர் ஆண்டுதோறும் நவம்பரில் தாம் உயிரோடிருப்பதற்குச் சான்று அளித்தல் வேண்டும். அதனை மின்முறையில் அளிக்கும் வசதி 2014 முதல் உண்டு எனினும், பலர் நேரிற் சென்று கையொப்பம் இடுவதையே விரும்புகின்றனர். பனி விழத் தொடங்கும் திங்களும், உயிருண்மை நாட்டும் திங்களும் ஒன்றாக அமைந்தமை வியப்பே.

இச்செலவின் காரணம் வெயில் என்பர். ஆயின் பலரது முதற் செலவு எப்பொழுது நிகழ்கின்றது? மகளின் பேறுகாலத்தில், அல்லது மருமகள் பணிக்குத் திரும்பும் பொழுதில். ஆங்குச் சென்ற கிழத்தி பேரக் குழந்தையை நீராட்டுகின்றாள், ஊட்டுகின்றாள், தாலாட்டுகின்றாள். பெற்றோர் இருவரும் அலுவலகம் சென்ற பகலில் அம்மனையின் கதவைக் காக்கின்றாள். இலக்கண மரபில் இவளுக்கு வேறொரு பெயர் உண்டு: செவிலி. நெடுநல்வாடையிலேயே, தனித்திருக்கும் அரசியைச் சூழ்ந்து நின்று ஆற்றுவிப்போர் நரை கலந்த கூந்தலையுடைய முதிய செவிலியர்தாம். கற்பியல் முதுமையிற் கிழத்தியாகவே வைத்துப் போற்றிய பெண்ணை, புதிய வாழ்வு ஆண்டிற்கு ஆறு திங்கள் செவிலியாக்குகின்றது. இதனை இழிவென்று யாம் கூறவில்லை. செவிலிக்குத் தமிழ் மரபு தந்த பெருமை சிறிதன்று; பேரன்பால் விரும்பி ஏற்போரே மிகுதி. ஆயினும் தலைவி தன் இல்லத்தில் விருந்தோம்புவாள். செவிலி பிறர் இல்லத்தில் ஓம்புவாள். இவ்வேறுபாட்டைக் கிழத்தி உணர்கின்றாள். அடுக்களையில் எந்தப் பேழையில் உப்பு இருக்கின்றது என்பதை ஒவ்வோராண்டும் புதிதாகக் கேட்டறியும் நிலையில் அது வெளிப்படும். கிழவனின் நிலை அதனினும் இரங்கத்தக்கது. செவிலியின் பணியும் அவனுக்கு இல்லை. ஊரில் பெயர் சொன்னால் அறியப்பட்ட ஆசிரியர் ஆங்குத் தெருமுனைவரை நடந்து திரும்பும் ஒரு முதியவர்.

இவ்விடத்து ஒரு கருத்து வேறுபாட்டைத் தெளிவுபடுத்தல் வேண்டும். புலம்பெயர்ந்த ஈழத்தமிழர் எழுத்துகளை ஆராய்வோர், பனியும் பனிசார்ந்த நிலமும் ஆறாம் திணை எனக் கொள்ள முற்பட்டனர். அக்கொள்கைக்கு நியாயம் உண்டு. 1983க்குப் பின் நீங்கியோர்க்குத் திரும்பும் நாள் குறிக்கப்படவில்லை. பனி அவர்க்கு மீளாமையின் கருப்பொருள். அண்மையில் மாணவர் சிலர் இரு மனை முதியோர் பற்றிய சிறுகதைகளையும் அதே திணையில் அடக்கக் காண்கின்றோம். இது பொருந்தாது. ஏதிலி கண்ட பனியும், இலையுதிர்காலத்தோடு பயணச்சீட்டின்படி திரும்புவோர் காணாதே விட்ட பனியும் ஒன்றல்ல. பின்னவர் பனியைக் கண்டதேயில்லை; பனிக்கு முன் ஊர் சேர்ந்துவிட்டனர். மீள இயலாதாரின் துயரத்தை மீள்வோர்க்கு ஏற்றிக் கூறின், முன்னவரின் துயரமும் மெலியும், பின்னவரின் புலம்பும் தன் உருவில் காணப்படாது போகும். திணைப் பெயர் சூட்டுவதில் உள்ள எளிமை, ஆராய்ச்சியாளரை ஏமாற்றுவதற்குப் போதிய வலிமை உடையது.

பறவையை உவமையாகக் கொள்வார் பிறிதொரு சாரார். வட அமெரிக்காவில், குளிர்காலத்தைப் புளோரிடாவிலும் அரிசோனாவிலும் கழிக்கும் கனடிய முதியோரையும் வடபுலத்து அமெரிக்க முதியோரையும் பனிப்பறவைகள் என்றே அழைக்கின்றனர். தமிழிலும் இவ்வுவமைக்கு வேர் உண்டு. சத்திமுத்தப் புலவர் பாடியதாக வழங்கும் தனிப்பாடலில், நாரை தன் பெடையோடு தென்குமரியில் ஆடி வடதிசை பெயர்கின்றது. அதனை விளித்துப் பாடுவோன் மதுரை வாடையில் ஆடையின்றிக் கையால் மெய் பொத்திக் கிடக்கின்றான். அவன் மனைவியோ நனைந்த சுவரையுடைய வீட்டில், பல்லியின் ஒலியை நற்குறியாக எதிர்நோக்கி இருக்கின்றாள். நாரைக்கு இரு நிலம், இரு பருவம். எனினும் துணை உடனிருத்தலின் அதற்குப் புலம்பு இல்லை. பாடினோனுக்கு நிலம் ஒன்று, பருவம் ஒன்று. துணை இன்மையின் புலம்பு உண்டு. முதியோரைப் பறவை என்போர் இவ்வுவமையின் ஒரு பாதியையே கொண்டனர். பறவைக்குப் பேரனும் இல்லை, பங்காளியும் இல்லை. இணையால் மட்டும் பறவை நிறையும். மாந்தர் முதுமை நிறைவதற்கு மக்களும் சுற்றமும் வேண்டும் என்று கற்பியல் மூன்றினையும் சேர்த்துக் கூறியது.

இரு மனை வாழ்வின் இடர் ஈண்டே உளது. கிழவனும் கிழத்தியும் ஒருங்கிருத்தல் இரு மனையிலும் உண்டு. மக்கள் ஒரு மனையில்; சுற்றம் மற்றொரு மனையில். ஆண்டின் எந்தப் பாதியை எங்குக் கழிப்பது எனத் துணிதல், எந்த உறவை எப்பொழுது இழப்பது எனத் துணிதலேயாம். வெயிலைத் துறப்போர் வெயிலை மட்டும் துறப்பதில்லை. சேலத்து மாம்பழம் கனிவது வேனிலில். மல்கோவாவும் குண்டும் சந்தைக்கு வரும் நாளில் வீட்டார் ஊரில் இல்லை. கொல்லையில் மரம் வைத்தவர் கனியைத் தொலைபேசித் திரையிற் காண்கின்றனர். ஆடி முதல் நாளில் சேலம், நாமக்கல் வட்டாரத்து இளையோரும் முதியோரும் கூடித் தேங்காய் சுடுவர்; துளையிட்ட தேங்காயில் பச்சரிசியும் பாசிப்பருப்பும் வெல்லமும் எள்ளும் இட்டு, அழிஞ்சிற் குச்சியிற் செருகித் தெருவில் நெருப்பு மூட்டி வாட்டுவர். அப்புகையில் நிற்க வேண்டிய பாட்டன் அந்நாளில் கடலுக்கு அப்பால். ஆடிப்பெருக்கும், சேலம் கோட்டை மாரியம்மன் விழாவும், வைகாசி ஆவணித் திருமணங்களும் அப்பாதியிலேயே அடங்கும். மீண்டு வரும் ஐப்பசியில் தீபாவளி உண்டு, மார்கழிக் கோலம் உண்டு, பொங்கல் உண்டு. ஆயின் அவை மக்களும் பேரரும் இல்லாத பண்டிகைகள். ஒரு பாதியில் சுற்றமின்றி மக்களோடு துவன்றலும், மறு பாதியில் மக்களின்றிச் சுற்றத்தோடு துவன்றலும் ஆக, நூற்பா ஒருங்கு கூறிய நிறைவு ஆண்டின் எத்திங்களிலும் முழுதாக வாய்ப்பதில்லை. தட்பவெப்பத்தைக் காரணமாகக் கூறுவோர், இக்குறையைப் பிறர்க்கும் தமக்கும் வெளிப்படக் கூற விரும்பாமையின் அவ்வாறு கூறுகின்றனர் என்பது எம் துணிபு. வெயிலைப் பழித்தலில் எவர்க்கும் மனத்தாங்கல் இல்லை. மகனைப் பழிக்கவோ ஊரைப் பழிக்கவோ நா எழுவதில்லை. அகப்பாட்டில் தலைவி தன் துயரைக் கூறாது காரின் வரவைக் கூறியதும் இம்முறையே.

இவ்வாழ்வைப் பொருளாகக் கொண்டு எழுதுவோர் இதனைக் கருதுவாராயின், வானூர்தி நிலையத்து விடைபெறுதலோடும் பனிக்காட்சியோடும் கதையை முடிக்கமாட்டார். அகப்பாட்டின் உயிர் பெரும்பாலும் செல்வோனிடம் இல்லை, இருப்போளிடம் உளது. முல்லைக்கு இருத்தல் உரிப்பொருளானது அதனால். இரு மனை வாழ்விலோ இருப்போர் எவரும் இலர், இருவரும் சென்றுவிட்டனர். எஞ்சி இருப்பது பூட்டிய மனை. பாழ்மனையைச் சங்கப் பாட்டு அறியும். குடி பெயர்ந்து, கறையான் ஏறி, தெய்வமும் நீங்கிய பொதியிலை அகநானூறு காட்டும். ஆயின் பாழ்மனை மீள்வோர் இல்லாதது. பூட்டிய மனை அத்தகையதன்று. அதற்கு மீள்வோர் உளர், நாளும் குறிக்கப்பட்டுள்ளது. நெடுநல்வாடையின் அடைத்த வேனிற்பள்ளியே அதற்கு அணித்தான உறவு. அங்கு விசிறியில் சிலந்தி நூல் படிந்தது; இங்கு நாற்காலி மேல் விரித்த வெள்ளைத் துணியில் தூசு படிகின்றது. ஆயின் அங்கு அடைத்த அறையைச் சூழ்ந்து ஒரு மனை விழித்திருந்தது. அடுத்த அறையில் விளக்கு எரிந்தது. தடவில் நெருப்பு இருந்தது. இங்கு அடைபட்டது மனை முழுதும். திண்ணையில் எவரும் இல்லை. அண்டைவீட்டார் வாரம் ஒருமுறை வந்து துளசிக்கு நீர் ஊற்றிச் செல்கின்றனர். சிலர் ஆண்டுக் கூலிக்கு ஒருவரை அமர்த்துகின்றனர். வெள்ளிக்கிழமை மாலை விளக்கு ஏற்றும் பொறுப்பை யாரிடம் ஒப்படைப்பது என்பது பல குடும்பங்களில் பயணத்திற்கு முந்திய வாரத்தின் முதன்மையான பேச்சு. பெட்டியின் எடையைப் பற்றிய பேச்சு அதற்குப் பின்னரே.

நிலத்தையும் கவிதையையும் இணைத்து ஆராய்ந்த தனிநாயக அடிகளார் போன்றோர் தமிழர் இயற்கையை மாந்தர் உணர்விற்குப் பின்புலமாகவே கண்டனர் என்பதை விளக்கினர். அப்பின்புலத்தில் நிற்போர் எப்பொழுதும் இளையோராகவே நமக்குத் தோன்றிப் பழகிவிட்டனர். கற்பியலின் கடைக்கோட் காலையில் நிற்கும் இருவர்க்கும் ஒரு நிலமும் ஒரு பொழுதும் வேண்டுமாயின், அவை யாவை? சத்திமுத்தத்து மனையில் பல்லி ஒலித்தது; அதனைக் கேட்பதற்கு ஒருத்தி இருந்தாள். ஓமலூர் மனையின் சுவரிலும் வைகாசி தொடங்கிப் புரட்டாசி முடியப் பல்லி ஒலிக்கின்றது. அவ்வொலி நன்னிமித்தமோ அன்றோ எனக் கணிப்பதற்கு வீட்டில் எவரும் இல்லை.